நீலிமேட்டு நல்ல தண்ணீர்

அன்னூரிலிருந்து வடக்கே போகிற வண்டித் தடத்தில் காலையில் கிளம்பினால் உச்சிவெயிலுக்கு முன்னால் நீலிமேடு வந்துவிடும். கிழக்கே செம்மண் கரடு. கரட்டின் சரிவில் ஓடு வேய்ந்த மிஷன் பள்ளிக்கூடமும் அதைச் சுற்றி முள்வேலி போட்ட தரிசுக் காடும் இருந்தன. சரிவு இறங்கி வந்து சமதரையாகும் இடத்தில் சந்தைப்பேட்டை. அதற்கும் மேற்கே, பள்ளத்தில், பச்சைப் பசேலென்று பெரியதோட்டம். வாழையும் கரும்பும் வெற்றிலைக் கொடியும் நிற்கிற ஒரே இடம் அதுதான். ஊரின் மற்ற நிலத்திலெல்லாம் மழையை நம்பிக் கம்பும் சோளமும் கடலையும் விதைத்துவிட்டு வானத்தைப் பார்த்துக் கிடப்பார்கள்.

தண்ணீர்தான் காரணம். நீலிமேட்டில் எங்கே தோண்டினாலும் உப்புத் தண்ணீர். அதில் பருப்பு வேகாது. மாடுகூட மூக்கை வைத்துப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டிக்கொண்டு விலகிவிடும். பெரியதோட்டத்துக் கிணற்றில் மட்டும் நல்ல தண்ணீர். செவ்வாய்க்கிழமை சந்தைக்குச் சத்தியமங்கலத்திலிருந்தும் மேட்டுப்பாளையத்திலிருந்தும் வண்டிகள் வந்தால் மனிதருக்கும் மாட்டுக்கும் அந்தத் தோட்டத்து வாசல் தொட்டிதான் கதி. தோட்டத்துக்காரர் பாலுசாமியை ஆட்கள் பண்ணாடி என்பார்கள். தண்ணீருக்கு அவர் கை நீட்டிக் காசு வாங்கியதில்லை. வாங்கியிருந்தால்கூடத் தேவலை. தண்ணீர் கொடுக்கிறவர் என்பதால் சந்தையில் அவர் சொன்ன இடத்தில்தான் வண்டி அவிழ்க்க வேண்டும். நல்ல காளை வந்தால் அவர் பார்த்துவிட்டுப் போன பிறகுதான் தரகர்கள் விலை பேசத் துண்டைப் போட்டு விரலைப் பிடிப்பார்கள். சிலர் தொட்டிவரை வரலாம். சிலர் வேலிக்கு வெளியே நின்று, யாராவது ஊற்றினால் கையை ஏந்திக் குடிக்க வேண்டும். யார் எங்கே நிற்பது என்பதையும் அவர்தான் வகுத்து வைத்திருந்தார்.

இந்த ஊருக்கு முப்பத்தொன்றாம் வருடம் கிணறு வெட்டும் கூட்டத்தோடு வந்தவள் பழனியாத்தாள். வீட்டுக்குள் தெலுங்கும் வெளியே கொங்குத் தமிழும் பேசுகிற கூட்டம். ஒரு கிணறு முடிந்தால் கடப்பாரையையும் சட்டிபானையையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு அடுத்த ஊருக்குப் போய்விடுவார்கள். அவள் புருஷன் நரசிம்மலுதான் அந்தக் கூட்டத்துக்கு மேஸ்திரி. பாறையில் துளை போட்டு வெடிமருந்து கெட்டித்துத் திரி வைப்பது அவன் வேலை. அதனாலேயே கள்ளை வாயில் வைக்காதவன். "மருந்தைத் தொடற கையி ஆடக்கூடாது" என்பான். மற்றவர்கள் பொழுதோடு கள்ளுக்கடைக்குப் போனால் இவன் பெண்டாட்டி பக்கத்தில் உட்கார்ந்து, அன்று பாறையில் கண்டதையெல்லாம் சொல்லிக்கொண்டிருப்பான்.

பாலுசாமி அந்த வருடம் கோயமுத்தூரில் ஓர் ஆயில் எஞ்சின் வாங்கியிருந்தார். சுற்றுவட்டாரத்தில் முதல் எஞ்சின். மாடு பூட்டிக் கவலை ஏற்றத்தில் இறைத்தபோது போதுமாக இருந்த தண்ணீர் எஞ்சினுக்குப் போதாது; கிணற்றை இன்னும் ஆழமாக்க வேண்டும். அதற்குத்தான் நரசிம்மலுவைக் கூப்பிட்டார். வேலை நன்றாகவே நடந்தது. "ஊத்துக்கண்ணு கெழக்குச் சுவத்துல இருக்குது பழனி. கரட்டுக்கு அடியில இருந்து வருது. பள்ளிக்கூடத்துக் காட்டுக்குக் கீழதான் வருதாட்ட இருக்குது" என்று ஒருநாள் சொன்னான். அவள் கேட்டுக்கொண்டு கம்பங்களியைக் கிளறினாள்.

எஞ்சினைப் பூட்டி ஓட்டிக்காட்ட ஒரு செவ்வாய்க்கிழமையைப் பாலுசாமி குறித்திருந்தார். சந்தைக் கூட்டம் முழுக்கப் பார்க்க வேண்டும் என்பது அவர் ஆசை. முந்தின நாள் மத்தியானம் கடைசி வெடிகளை வைத்தார்கள். வைத்ததில் ஒன்று வெடிக்கவில்லை. கூட்டத்தில் ஒரு சட்டம் உண்டு. வெடிக்காத மருந்தை ஒரு ராத்திரி ஆறப்போட வேண்டும். விடிந்து தண்ணீர் ஊற்றித்தான் பக்கத்தில் போக வேண்டும். நரசிம்மலு அதைச் சொன்னான்.

பாலுசாமி கிணற்று மேட்டில் நின்றார். பக்கத்தில் கவலை ஓட்டுகிற திருமூர்த்தி, கல் சுமந்துகொண்டிருந்த பழனியாத்தாள், இன்னும் இரண்டு மூன்று பேர்.

"நாளைக்கு எஞ்சின்காரன் வாரான். ஊரே வருது. கெணத்துக்குள்ள கல்லும் மண்ணுமாக் கெடந்தா எம்பட மானம் என்னாகறது? எறங்குடா."

"விடிஞ்சதும் மொத வேலையா அள்ளிப்போடறனுங்க பண்ணாடி. இப்ப எறங்கப்படாதுங்க."

"அது நமுத்துப்போன மருந்து. எனக்குத் தெரியாதா? நீ எறங்கலீன்னா உந்தம்பிய எறக்கறேன். டேய், சீனிவாசலு!"

தம்பி சின்னப் பையன் இல்லைதான்; ஆனால் கலியாணமாகி மாதம்கூட ஆகாதவன். அவன் படிப்பக்கம் வந்ததைப் பார்த்த நரசிம்மலு, "நீ இரு" என்று சொல்லிவிட்டுத் தானே இறங்கினான். பழனியாத்தாள் கூடையைத் தலையில் வைத்தபடி பார்த்துக்கொண்டிருந்தாள். கீழேயிருந்து கல்லைப் புரட்டும் சத்தம் கேட்டது. அப்புறம் வெடித்தது.

மேலே கொண்டுவந்தபோது முகம் மட்டும் சேதமில்லாமல் இருந்தது. அதையே அவள் வெகுநேரம் துடைத்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் ஸ்டேஷனிலிருந்து விசாரிக்க வந்தவர்களைப் பாலுசாமி தம் வீட்டுக் கட்டிலில் உட்காரவைத்தார். "குடிச்சுப்போட்டு எறங்கிட்டானுங்க. நான் வேண்டாம் வேண்டாம்னு தலையா அடிச்சுக்கிட்டேன்" என்றார். திருமூர்த்தியைக் கேட்டார்கள். அவன் தரையைப் பார்த்துக்கொண்டு, "ஆமாங்க" என்றான். பழனியாத்தாள் கத்தினாள். புருஷன் செத்த துக்கத்தில் பேசுகிறாள் என்று அவளை அப்பால் கூட்டிப்போகச் சொன்னார்கள். விஷயம் அதோடு முடிந்தது. எஞ்சின் ஒரு வாரம் தள்ளி, அதே கிணற்றில், அதே செவ்வாய்க்கிழமைக் கூட்டத்துக்கு முன்னால் ஓடியது. தேங்காய் உடைத்தார்கள். சந்தையே வாயைப் பிளந்து பார்த்தது.

குடிகாரக் கூட்டம் என்று பேர் வந்துவிட்டதால் அந்தப் பக்கத்தில் யாரும் வேலை கொடுக்கவில்லை. சீனிவாசலு கூட்டத்தைப் பல்லடத்துப் பக்கம் ஓட்டிக்கொண்டு போகத் தயாரானான். அண்ணியை அவர்கள் வதினா என்பார்கள்.

"வா வதினா. இங்க என்ன இருக்குது?"

"எனக்கு இங்கதான் வேலை இருக்குது. நீ போ. கூப்படறப்ப வா."

எதற்குக் கூப்பிடுவாள் என்று அவன் கேட்கவில்லை. அவள் முகத்தைப் பார்த்துவிட்டு வண்டியைப் பூட்டினான்.

பழனியாத்தாள் சந்தைக்குத் தண்ணீர் சுமக்கத் தொடங்கினாள். பெரியதோட்டத்துத் தொட்டியில் மொண்டு, கருப்பட்டிக் கடைக்கும் புகையிலைக் கடைக்கும் தோல் வியாபாரி அப்துல் வஹீதின் கொட்டகைக்கும் ஊற்றுவாள். அவர்கள் கடலையோ கம்போ பழைய சேலையோ கொடுப்பார்கள். புருஷன் செத்த கிணற்றின் தண்ணீரைத் தலையில் சுமந்து பிழைக்கிறாளே, இவளுக்குக் கல்மனசு என்று பெண்கள் பேசிக்கொண்டார்கள். அவளுக்கு அந்தக் குடம் ஒவ்வொன்றும் சூடாகத்தான் இருந்தது. ஆனால் தினமும் அந்தத் தோட்டத்துக்குள் போய்வர வேறு வழி இல்லை.

சந்தைக்காரர்கள் அவளைக் கூப்பிடும் விதம்தான் எல்லாவற்றையும்விட எரிந்தது. "ஏனுங்க, குடிகாரன் ஊட்டுக்காரி! இங்க ஒரு கொடம் ஊத்திப்போட்டுப் போங்க." அதில் பகை ஏதும் கிடையாது. நொண்டிக் காளை, ஒற்றைக்கண் தரகர் என்பது போல அதுவும் ஓர் அடையாளம். மரியாதையாக 'ங்க' சேர்த்துத்தான் சொன்னார்கள். அவள் குடத்தைச் சாய்த்து ஊற்றுவாள். ஊற்றும்போதெல்லாம் மேற்கே பார்ப்பாள். எஞ்சின் டபடபவென்று ஓடிக்கொண்டிருக்கும்.

பாலுசாமி முதலில் அவளைக் கண்டால் முகத்தைத் திருப்பினார். பிறகு பழகிப்போயிற்று. ஒருநாள் தொட்டியருகே வைத்து, "பொழப்பு ஓடுதா?" என்றுகூடக் கேட்டார்.

"உங்க தண்ணியில ஓடுதுங்க பண்ணாடி" என்றாள். அவருக்கு அது நன்றியாகப் பட்டது. அவள் அப்படிப் படட்டும் என்றுதான் சொன்னாள்.

மழை தவறிய வருடங்கள் வந்தன. கம்பு கருகியது. சந்தைக்கு எலும்பும் தோலுமான மாடுகள் வந்து தோலாக அப்துல் வஹீதின் கொட்டகைக்குப் போயின. பெரியதோட்டத்திலும் தண்ணீரை இறுக்கிப் பிடித்தார்கள். வேலிக்கு வெளியே நிற்பவர்களுக்கு ஊற்ற வேண்டாம் என்று உத்தரவாயிற்று. அந்த வெளியே நிற்கிற தெருக்காரர்களின் பிள்ளைகள்தான் மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள். பள்ளிக்கூடத்தை நடத்திய உபதேசியார் ஞானாபரணம் தோட்டத்து வாசலில் போய்க் கேட்டுப் பார்த்துவிட்டு வெறும் குடத்தோடு திரும்பினார்.

அந்த வாரமே பழனியாத்தாள் பள்ளிக்கூடத்துப் படியேறினாள்.

"உங்க காட்டுல கெணறு வெட்டோணுங்க ஐயா."

"இந்த மேட்டுலயா? பாறை அம்மா."

"பாறைக்கு அடியில தண்ணி ஓடுதுங்க. எம்பட ஊட்டுக்காரர் சொல்லியிருக்கறாரு. சித்தரை வெயில்ல உங்க வேலியோரம் ஆவாரை மட்டும் பச்சையா நிக்குது, பாத்திருக்கறீங்களா? நானு அஞ்சு வருசமாப் பாத்துக்கிட்டிருக்கறேன். எம்பட கூட்டம் வந்து வெட்டும். நீங்க களி மட்டும் போட்டாப் போதும்."

ஞானாபரணம் வேலியோரத்து ஆவாரையைத் திரும்பிப் பார்த்தார். ஊரில் எல்லாரையும்போல அவருக்கும் பழைய கதை தெரியும்.

"இங்க வெட்டினா அங்க தண்ணி கொறையுமா?"

"கொறையுமுங்க."

"அப்ப, பழிக்கு வெட்டற கெணறா இது?"

"ஆமாங்க. நான் பழிக்கு வெட்டறேன். நீங்க புள்ளைகளுக்கு வெட்டுங்க. தண்ணிக்கு அதெல்லாம் தெரியாதுங்க ஐயா."

உபதேசியார் இரண்டு நாள் ஜெபம் பண்ணினார். கோயமுத்தூரிலிருந்த மிஷன் துரைக்கு ஆள் அனுப்பிச் சம்மதம் வாங்கினார். அவர் எதற்காக ஒப்புக்கொண்டார் என்று யோசிக்க அவளுக்கு நேரமில்லை. பல்லடத்துக்கு வண்டிக்காரரிடம் சொல்லி அனுப்பியிருந்தாள்: "வதினா கூப்படறா."

சீனிவாசலு கூட்டத்தோடு வந்து இறங்கினான். பாலுசாமிக்குத் தகவல் போனபோது அவர் சிரித்தார். "மேட்டுல தண்ணியா? வெட்டட்டும். பாறையில பல்லு ஒடைஞ்சா ஓடிப்போயிருவாங்க." நிறுத்தச் சொல்ல அவருக்கு வழியும் இல்லை, அது மிஷன் காடு.

பெண்கள் கல் சுமப்பார்களே தவிர உளி பிடிக்க மாட்டார்கள். பழனியாத்தாள் உளி பிடித்தாள். கையெல்லாம் கொப்புளம். சம்மட்டி விழுகிற ஒவ்வொரு அடிக்கும் பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு பேரைச் சொல்வாள் என்று பக்கத்தில் வேலை செய்தவர்கள் பின்னால் சொன்னார்கள். செத்தவன் பேரா, இருக்கிறவன் பேரா என்று அவர்களுக்குப் புரியவில்லை.

அங்கேயும் ஒருநாள் ஒரு வெடி வெடிக்கவில்லை. சீனிவாசலு கையை உயர்த்தினான். எல்லாரும் மேலே ஏறிவிட்டார்கள். சாமான்களை ஓரமாக வைத்தார்கள். பெண்கள் அடுப்பு மூட்டினார்கள். யாரோ பாட ஆரம்பித்தார்கள். வேலை நின்றுபோனதில் எல்லாருக்கும் கொஞ்சம் சந்தோஷம்கூட. மறுநாள் காலையில் தண்ணீர் ஊற்றி, அந்த மருந்தைச் சுரண்டி எடுத்துப்போட்டுவிட்டு, வேலையைத் தொடர்ந்தார்கள். ஒன்றும் ஆகவில்லை.

பழனியாத்தாள் அந்தச் சுரண்டிய குழியைத் தொட்டுப் பார்த்தாள். இவ்வளவுதான். நரசிம்மலு கேட்டதும் இவ்வளவுதான். ஒரு ராத்திரி. அவள் உட்கார்ந்து, புருஷன் செத்த அன்று அழாத அழுகையை அழுதாள். எழுந்தபோது அவளுக்குள் மிச்சம் மீதி இருந்த ஈரமும் போயிருந்தது.

பங்குனி கடைசியில் அடிப்பாறை பிளந்தது. தண்ணீர் பீறிட்டு வந்தது. முழங்கால் நனைகிற வரை பார்த்துவிட்டு அவள் ஒரு கை அள்ளி வாயில் வைத்தாள். இனித்தது. மேலே பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் கத்தினார்கள். உபதேசியார் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவள் ஏறி வந்து, மேற்கே திரும்பி, காதை மட்டும் தீட்டிக்கொண்டு நின்றாள்.

நாள் சில ஆயிற்று. பிறகு ஒரு காலை எஞ்சின் சத்தம் மாறியது. தண்ணீர் இழுக்கும்போது வருகிற கனத்த சத்தம் போய், காற்றை விழுங்குகிற வறட்டு இரைச்சல் கேட்டது. நின்றது. மறுபடி ஓட்டினார்கள். மறுபடி நின்றது. பழனியாத்தாள் அன்று தன் குடிசையில் கடலை வறுத்து எல்லாருக்கும் கொடுத்தாள்.

வெற்றிலைக் கொடிதான் முதலில் வாடியது. பிறகு வாழை தலையைச் சாய்த்தது. சந்தை மெல்ல மெல்லக் கிழக்கே நகர்ந்தது. யாரும் முடிவுபண்ணி நகர்த்தவில்லை, மாடுகள் தண்ணீர் இருக்கும் பக்கம் இழுத்துக்கொண்டு போயின. வண்டிகள் பள்ளிக்கூடத்து வேலியோரம் அவிழ்ந்தன. பாலுசாமி பார்க்காமலேயே காளைகள் விலைபோயின. மிஷன் கிணற்றைப் பழனியாத்தாள் பொறுப்பில் விட்டு, எல்லாருக்கும் ஒரே வரிசை என்று உபதேசியார் சொல்லிவிட்டார். முகம் சுளித்தவர்கள் இரண்டு சந்தை உப்புத் தண்ணீர் குடித்துப் பார்த்துவிட்டு வரிசைக்கு வந்தார்கள்.

தோட்டத்தில் வேலை இல்லாமல் நிறுத்தப்பட்ட திருமூர்த்தி ஒரு செவ்வாய்க்கிழமை அவளிடம் வந்தான். கயிறு இழுக்க, தொட்டி கழுவ, எந்த வேலையானாலும் செய்வதாகச் சொன்னான்.

"உனக்கு வேலை இருக்குது திருமூர்த்தி. மொதல்ல அன்னைக்கு நடந்ததைச் சொல்லு."

"உங்களுக்குத் தெரியாததா அம்மணி?"

"எனக்கெதுக்கு? அதா, அங்க மாட்டுத் தரகுக்காரங்க நிக்கறாங்க. அங்க போய்ச் சொல்லு. சத்தமாச் சொல்லு."

அவன் வெகுநேரம் துண்டை முறுக்கிக்கொண்டு நின்றான். வீட்டில் அடுப்பு எரியாதவன். கடைசியில் போனான். முதலில் ஒருவரிடம் சொன்னான், அவர் இன்னொருவரைக் கூப்பிட்டார், கூட்டம் கூடிவிட்டது. எஞ்சின், வெடிக்காத மருந்து, "எறங்குடா" என்றது, தம்பியைக் கூப்பிட்டது, எல்லாவற்றையும் சொன்னான். தான் பொய் சொன்னதையும் சொன்னான். அப்துல் வஹீது கொட்டகையிலிருந்து எழுந்து வந்து கேட்டார். சந்தையில் ஒரு பேச்சு கிளம்பினால் அது சத்தியமங்கலத்துக்கு வண்டியேறிப் போய்விடும். பொழுது சாய்வதற்குள் போய்விட்டது.

பாலுசாமி கிணற்றை இன்னும் ஆழமாக்க ஆள் தேடினார். அவிநாசியில் கேட்டார், அந்தியூரில் கேட்டார். கிணறு வெட்டும் கூட்டங்கள் எல்லாம் ஒன்றுக்கொன்று சம்பந்தம் பண்ணியவை. எல்லாக் கூட்டமும் அவர் கிணற்றில் கால் வைக்க மாட்டோம் என்றது. கரும்பு சோகையாகி நின்றபோது அவரே மேடேறி வந்தார். தனியாகத்தான் வந்தார். வெயிலில் அந்தச் சரிவு அவருக்கு மூச்சு வாங்கியது.

"ஆளுகளை வரச் சொல்லு" என்றார்.

"நீங்க சொல்ல வேண்டியதைச் சொல்லிப்போடுங்க பண்ணாடி. நாளைக்கே சீனிவாசலு வருவான்."

அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார். "செரி. அவன் குடிக்கல. போதுமா?"

"எனக்கு அது தெரியுமுங்க. அங்க சொல்லுங்க." சந்தையைக் காட்டினாள்.

"பொம்பளைக்கு இத்தனை ஆங்காரம் ஆகாது."

"ஆகாதுங்க."

அவர் சந்தைப் பக்கம் இரண்டடி வைத்தார். நின்றார். தரகர்கள் பேச்சை நிறுத்திவிட்டு அவரையே பார்த்தார்கள். யாரும் மரியாதைக்குத் தோள் துண்டை எடுக்கவில்லை. பாலுசாமி திரும்பி, யாரையும் பார்க்காமல் இறக்கத்தில் இறங்கிப் போய்விட்டார். தோட்டம் போனாலும் போகட்டும், அந்த வார்த்தை மட்டும் வாயில் வராது என்று தீர்மானித்த நடை அது. கடைசிவரை அவர் சொல்லவில்லை. பழனியாத்தாளுக்கு அது ஆறாத புண்ணாகத்தான் இருந்தது; திருமூர்த்தி ஊரறியச் சொன்னது அவளுக்குப் பாதிதான்.

பாலுசாமியின் மனைவி சென்னியம்மாள் ஒருநாள் குடத்தோடு வந்தாள். வேலைக்காரிகள் நின்றுபோயிருந்தார்கள். சந்தைப் பெண்கள் வழிவிடப் பார்த்தார்கள். "வரிசையில நில்லுங்க" என்றாள் பழனியாத்தாள். ஒருகாலத்தில் வேலிக்கு வெளியே கையேந்தி நின்றவர்களுக்குப் பின்னால் சென்னியம்மாள் நின்றாள். முறை வந்தபோது பழனியாத்தாளே இறைத்து, குடம் ததும்ப ஊற்றி, தலைக்குத் தூக்கிவிட்டாள். முகத்தைப் பார்க்கவில்லை. அந்தப் பெண்ணின் மேல் அவளுக்குக் கோபமில்லை. ஆனாலும் அந்த வரிசையைக் குறுக்க அவளுக்கு மனம் வரவில்லை.

அடுத்த வருடம் பெரியதோட்டத்தைக் கோயமுத்தூர் மில்காரர் ஒருவர் வாங்கினார். பாலுசாமி கோயமுத்தூரில் மகள் வீட்டோடு போய் இருந்துகொண்டார். ஓர் ஐப்பசியில் அங்கே அவர் இறந்துபோன செய்தி சந்தை வண்டியில் வந்தது. ஞானாபரணம் கிணற்றடிக்கு வந்தார்.

"போயிட்டாரு. இனியாச்சும் மன்னிச்சுப்போடு அம்மா."

அவள் வடத்தைப் பிடித்தபடி யோசித்தாள். பொய் சொல்ல அவளுக்கு விருப்பமில்லை.

"முடியலீங்க ஐயா. அந்த வார்த்தைய எடுத்துக்கிட்டே போயிட்டாரு பாத்தீங்களா. சாமி வேணும்னா மன்னிக்கட்டுமுங்க."

மழை பிடித்த வருடம் அது. கரட்டிலிருந்து செந்தண்ணீர் ஓடி வந்து சந்தைப்பேட்டை சேறாகிக் கிடந்தது. அன்னூர்ப் பக்கத்திலிருந்து வந்த முதல் வண்டி சக்கரம் புதைந்து நிற்க, வண்டிக்காரன் மாட்டை அவிழ்த்துக்கொண்டு மேடேறி வந்தான். "நரசிம்மலு ஊட்டம்மா, மாட்டுக்குச் சித்தெ தண்ணி ஊத்துங்க" என்றான். அவள் தொட்டியைச் சாய்த்துப் பழைய தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீர் இறைக்கத் தொடங்கினாள்.